நாலு கேபிள் போட்டாச்சு, வேகம் எங்கே?

நாலு கிகாபிட் நெட்வொர்க் போர்ட்டுகளைச் சேர்த்து லினக்ஸில் ஒரு பாண்ட் (பல போர்ட்டுகளை ஒன்றாக நடத்துகிற ஏற்பாடு, பொதுப்பெயர் லிங்க் அக்ரிகேஷன்) போட்டுவிட்டு, அதன் வேகம் என்னவென்று ஈத்டூல் என்ற கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள். 4000 எம்பிபிஎஸ் என்று கூசாமல் சொல்லும். சிஸ்கோ சுவிட்சில் இதே ஏற்பாட்டுக்குப் பெயர் போர்ட் சேனல்; அதைக் கேட்டால் 40,00,000 கிலோபிட் என்று காட்டும். விண்டோஸ் சர்வரில் டீமிங் போட்டாலும் 4.0 ஜிபிபிஎஸ்தான். கூட்டல் கணக்காகப் பார்த்தால் மூன்றும் சரியே. ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு ஃபைலை இழுக்கிற ஆளுக்கு அந்த வேகம் ஒரு நாளும் வராது. இந்த எண் மேல் எனக்கு நெடுநாள் கடுப்பு. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களிடம் சொன்னால், "தெரிஞ்ச விஷயம்தானே, ஒரு ஃப்ளோவுக்கு ஒரு லிங்க்தான்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஃப்ளோ என்றால் ரெண்டு மெஷின்களுக்கு இடையே ஓடும் ஒரு தரவு ஓட்டம், லிங்க் என்றால் ஒரு கம்பி. ஏன் ஒரு லிங்க்தான் என்று கேட்டால் "ஹேஷ்" என்பார்கள், அதாவது முகவரிகளை வைத்துக் கம்பியைத் தேர்வு செய்யும் கணக்கு. அது எப்படி நடக்கிறது என்பதற்குப் பதில். ஏன் அப்படி வைத்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. எனக்குள் சும்மா கிடந்த அந்த 'ஏன்'-ஐக் கிளறிவிட்டவர் ஒரு கலரிஸ்ட், சினிமாவுக்கு நிறம் சரிசெய்பவர்.

சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டுடியோ. ஆறு எடிட் சூட், நிறம் சரிசெய்ய ஒரு டிஐ அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல்களைக் கொடுக்கும் சேமிப்புப் பெட்டி. அந்த நாஸின் பின்பக்கம் நாலு கிகாபிட் போர்ட். விற்றவர் நாலையும் சுவிட்சோடு சேர்த்து எல்ஏசிபி (எந்தெந்த போர்ட் ஒரே குழு என்று ரெண்டு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) போட்டு, இனி உங்களுக்கு நாலு ஜிபிபிஎஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிஐ மெஷினிலும் ரெண்டு போர்ட் கார்டு செருகி, அதையும் பாண்ட் செய்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது ரெண்டு புகார்களுக்காக. ஒன்று, மதியத்துக்கு மேல் எடிட் சூட்களில் டைம்லைன் திக்குகிறது. இரண்டு, கலரிஸ்ட்டின் புகார். அவர் பேச்சில் சுற்றி வளைப்பதெல்லாம் இல்லை. "தம்பி, முன்னாடி ஒரே வயர், 112 எம்பி வந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் ரெண்டு. இப்பவும் அதே 112. அப்ப இந்த வயரெல்லாம் எதுக்கு?"

112 என்பது இந்தத் தொழிலில் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற எண். ஈதர்நெட்டில் ஒரு முழு ஃப்ரேம் (தரவுப் பொட்டலம்) கம்பியில் 1538 பைட் இடம் எடுத்துக்கொள்ளும். அதில் டிசிபி (தரவைத் தொலையாமல், வரிசையாகக் கொண்டு சேர்க்கும் நெறிமுறை) சுமக்கும் உண்மையான சரக்கு 1448 பைட். அதாவது கிகாபிட்டில் 94.1 சதவீதம், 941 மெகாபிட். இதை பைட்டாக்கி, 1024-1024 ஆக எண்ணினால் 112. காப்பி ஜன்னலில் இந்த எண் அசையாமல் நிற்கிறதென்றால், எங்கோ ஒரே ஒரு கிகாபிட் கம்பி முழுசாக நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கில் குறை இல்லை, சிபியுவில் குறை இல்லை. கம்பி தன்னால் முடிந்ததைக் கடைசிச் சொட்டுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மற்ற கம்பிகள் சும்மா இருக்கின்றன.

அவர் பக்கம் நியாயமும் இருந்தது. அவர் ஓட்டுவது 2கே டிபிஎக்ஸ், சுருக்காத படங்களின் வரிசை. 2048-க்கு 1080, பிக்சலுக்கு 4 பைட். படத்தின் ஒரு ஃப்ரேம் 8.8 மெகாபைட், நொடிக்கு 24 ஃப்ரேம். மொத்தம் நொடிக்கு 212 மெகாபைட். முன்பு சொன்ன 112-ஐ இதேபோல ஆயிரம் ஆயிரமாக எண்ணினால், ஒரு கிகாபிட் கம்பியில் உருப்படியாக வருவது 117. ரெண்டு கம்பியில் 235. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ரெண்டு கம்பி தாராளம்! அந்தக் கணக்கை நம்பித்தான் ரெண்டு போர்ட் கார்டை வாங்கியிருக்கிறார்கள். டிபிஎக்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஃபைல், அதனால் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் ரெண்டு கம்பியிலும் பிரிந்து வருமே என்று அங்கே ஒரு உதவியாளர் கேட்டார். நல்ல யோசனை, ஆனால் நடக்காது. ஃபைல் எத்தனை ஆயிரமானாலும் நாஸுக்கும் அந்த மெஷினுக்கும் இடையே திறந்திருக்கும் டிசிபி இணைப்பு ஒன்றுதான். போர்ட்டுகளைச் சேர்க்கிற ஏற்பாட்டுக்கு ஃபைல் தெரியாது.

முதல் புகார்: இரட்டைப்படை எண்கள்

கலரிஸ்ட்டைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடிட் சூட்களைப் பார்த்தேன். அது சுலபமான புகார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பார்த்தால் அதில்தான் சுவாரஸ்யம் இருந்தது.

லிங்க் அக்ரிகேஷனைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் உவமை நாலு வழிச்சாலை. அந்த உவமையில் ஒரு முக்கியமான இடம் விடுபட்டுப் போகிறது. பரனூர் டோல்கேட்டில் நாம் எந்த வரிசை காலியாக இருக்கிறதோ அதில் வண்டியை விடுவோம். இங்கே அப்படியில்லை. வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து, கடைசி எண்ணை நாலால் வகுத்து, மீதி எதுவோ அந்த வரிசைக்கு அனுப்புகிறார். பக்கத்து வரிசை காலியாகக் கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அதே வண்டி எத்தனை முறை வந்தாலும் அதே வரிசைதான்.

லினக்ஸ் பாண்டில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 'லேயர் 2' என்ற விதிதான் நடப்பில் இருக்கும். அனுப்புகிறவரின் மேக் முகவரியில் (நெட்வொர்க் போர்ட்டுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த எண்) கடைசி பைட், பெறுகிறவரின் மேக் முகவரியில் கடைசி பைட், இரண்டையும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து, பாக்கெட்டின் வகை எண்ணையும் சேர்த்து, போர்ட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மீதிதான் கம்பி எண். ஐபி பாக்கெட்டின் வகை எண் நாலால் மீதியின்றி வகுபடும் என்பதால் இங்கே அதை மறந்துவிடலாம். ஸ்டுடியோவின் ஆறு எடிட் மெஷின்களின் மேக் முகவரிகளை எழுதிப் பார்த்தேன். கடைசி பைட்டுகள் முறையே 10, 12, 14, 16, 20, 22. எல்லாம் இரட்டைப்படை. இது தற்செயல் இல்லை. அந்த மதர்போர்டில் ரெண்டு நெட்வொர்க் போர்ட் உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டுக்கும் அடுத்தடுத்த ரெண்டு முகவரிகளைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் போர்ட்டில் கேபிள் செருகினால் எல்லாருக்கும் இரட்டைப்படை. நாஸின் முகவரி 54-இல் முடிந்தது. அதுவும் இரட்டைப்படை. இரட்டைப்படையும் இரட்டைப்படையும் எக்ஸார் ஆனால் இரட்டைப்படைதான் வரும். நாலால் வகுத்தால் மீதி 0 அல்லது 2. மீதி 1, மீதி 3 வரவே வராது. மூன்று மெஷின் முதல் கம்பியில், மூன்று மெஷின் மூன்றாம் கம்பியில். இரண்டாம் கம்பியும் நான்காம் கம்பியும் போட்ட நாளிலிருந்து எல்ஏசிபி ஹலோ சொல்வதைத் தவிர நாஸிலிருந்து பெரிதாக எதையும் சுமந்ததில்லை. கவுன்டர்களைப் பார்த்தபோது அப்படியே இருந்தது. ரெண்டு எண்கள் டெராபைட் கணக்கில், ரெண்டு எண்கள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த கணக்கும் அச்சாகப் பொருந்தியது. அவர்கள் எடிட் செய்வது புரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம், எச்டி, 24 ஃப்ரேம். ஒரு ஸ்ட்ரீம் 176 மெகாபிட். டைம்லைனில் ரெண்டு லேயர் போனால் ஒருவருக்கு 352. மூன்று பேர் ஒரே கம்பியில் என்றால் 1056. கம்பியில் போவது 941. காலையில் ரெண்டு ரெண்டு பேராக வேலை செய்யும்வரை பிரச்சினை இல்லை. மதியம் ஆறு பேரும் உட்கார்ந்ததும் திக்கல். நாலு போர்ட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும்போதே.

இதற்கு முன் வந்த சர்வீஸ் ஆள் சுவிட்சில் லோட் பேலன்சிங் அமைப்பை மாற்றிப் பார்த்திருக்கிறார். பலன் இல்லை. இருக்கவும் முடியாது. எந்தக் கம்பியில் அனுப்புவது என்பதை அனுப்புகிற பக்கம் மட்டுமே முடிவு செய்கிறது. எடிட்டர்கள் பெரும்பாலும் படிக்கிறார்கள், எழுதுவது குறைவு. படிக்கும்போது அனுப்புவது நாஸ். அப்படியென்றால் நாஸின் விதிதான் முக்கியம்; சுவிட்சில் என்ன எழுதி வைத்திருந்தாலும் அது நாஸுக்குள் போகிற போக்குவரத்துக்கு மட்டும்தான். ரெண்டு முனைகளும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும் என்று எல்ஏசிபி கேட்பதே இல்லை. எந்தெந்த போர்ட் ஒரே குழு என்பதைத்தான் அது பேசித் தீர்க்கும்.

நாஸில் விதியை 'லேயர் 2+3' என்று மாற்றினேன். இப்போது ஐபி முகவரியும் கணக்கில் வரும். எடிட் மெஷின்களின் ஐபி 11 முதல் 16 வரை வரிசையாக இருந்ததால் ஆறு பேரும் ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு என்று நாலு கம்பியிலும் பிரிந்தார்கள். எந்தக் கம்பியிலும் 704-க்கு மேல் போகாது. திக்கல் நின்றது. டிசிபி போர்ட் எண்ணையும் சேர்க்கிற 'லேயர் 3+4' இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது ஒவ்வொரு இணைப்புக்கும் அதிர்ஷ்டச் சீட்டு. சில நாள் மூன்று பேர் ஒரே கம்பியில் விழலாம். அதோடு லினக்ஸ் கர்னல் ஆவணமே அந்த விதி தரநிலைக்கு முழுசாக உட்பட்டதில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு பாக்கெட் துண்டாகும்போது பின்னால் வரும் துண்டுகளில் போர்ட் எண் இருக்காது. அவை வேறு கம்பிக்குப் போய்விடலாம். ஒரே உரையாடலின் துண்டுகள் ரெண்டு வழியில் போனால் வரிசை மாறலாம். வரிசை மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்பதுதான் அடுத்த கதை.

"அதை நாலாப் பிரிச்சு அனுப்பினா என்ன?"

எடிட்டர்கள் சந்தோஷமாகிவிட்டார்கள். கலரிஸ்ட்டுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவர் ஒரே ஆள், ஒரே இணைப்பு. எந்த விதியைப் போட்டாலும் மீதியாக வரும் எண் ஒன்றுதான். நான் இதை விளக்கினேன். அவர் கேட்டது: "சரி, அந்த ஒரு இணைப்பையே பிரிச்சு, முதல் பாக்கெட் முதல் வயர்ல, ரெண்டாவது பாக்கெட் ரெண்டாவது வயர்ல, இப்படி மாத்தி மாத்தி அனுப்பினா என்ன கெட்டுப்போச்சு?"

கேள்வி அப்பாவித்தனமாகத் தெரியலாம். ஆனால் அவர் கேட்டது ஏற்கனவே ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1999-இல் வந்த கிகாபிட் ஈதர்நெட் தரநிலைப்படி, கேட்-5 கேபிளில் இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளும் ஒரே சமயத்தில் ஆளுக்கு 250 மெகாபிட் சுமக்கின்றன. ஒரே ஃப்ரேமின் பிட்டுகள் நாலு ஜோடியிலும் பிரிந்து போய் மறுமுனையில் சேர்கின்றன. 2010-இல் வந்த 40 கிகாபிட்டும் அப்படித்தான். உள்ளே நாலு 10 கிகாபிட் பாதைகள், நடுநடுவே அடையாளக் குறிகளைப் போட்டு மறுமுனையில் வரிசைப்படுத்துகிறார்கள். நாலு ஜோடியைச் சேர்க்க முடிகிறவர்களுக்கு நாலு போர்ட்டைச் சேர்க்க ஏன் முடியவில்லை? நியாயமான கேள்விதானே. தரநிலை எழுதிய குழு அந்த அளவுக்கு மெனக்கெடவில்லையோ என்று எனக்கே நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

லினக்ஸில் அவர் கேட்டதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. பாண்டிங் டிரைவரின் முதல் மோடு, ரவுண்ட் ராபின். அந்த டிரைவரே இந்தத் தேவைக்காகப் பிறந்ததுதான். 1994-இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 இன்டெல் 486 மெஷின்களைக் கோத்து பேயோவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். அப்போது 10 மெகாபிட் ஈதர்நெட் போதவில்லை, வேகமான சுவிட்ச் வாங்கக் காசு இல்லை. ஆகவே ரெண்டு தனித்தனி 10 மெகாபிட் நெட்வொர்க்குகளை இழுத்து, பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். இன்றைக்கு எல்லா லினக்ஸ் சர்வரிலும் இருக்கும் பாண்டிங் டிரைவரின் வேர் பெக்கரின் அந்த பேட்ச்களில் இருக்கிறது. ரெண்டு தனித்தனி நெட்வொர்க் என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஒரு சுவிட்சை வைத்து அதிலும் போர்ட்டுகளைச் சேர்த்தால், நாஸ் அழகாகப் பிரித்து அனுப்பியதை சுவிட்ச் வாங்கி, தன் ஹேஷைப் போட்டு, மறுபடி ஒரே கம்பியில் தள்ளிவிடும்.

அதனால் சுவிட்சை விலக்கினோம். வேலை இல்லாத ஒரு ஞாயிறு, நாஸிலிருந்து ரெண்டு கேபிளை நேராக டிஐ மெஷினுக்கு இழுத்து, ரெண்டு பக்கமும் ரவுண்ட் ராபின் போட்டு, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினேன். கலரிஸ்ட் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எண் ஒன்றைத் தாண்டியது. ஒன்றரை ஜிபிபிஎஸ் பக்கம் போய் நின்றது. "வந்துருச்சே!" என்றார். எனக்குக் கண் திரையில் அடுத்த நெடுவரிசையில் இருந்தது. ஐபெர்ஃப் ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை பாக்கெட் மறுபடி அனுப்பப்பட்டது என்று அந்த நெடுவரிசையில் காட்டும். சாதாரணமாக அது பூஜ்யமாக இருக்கும். இங்கே ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கணக்கில் எண்கள். வேகமும் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி மெல்ல ஏறும்.

ரெண்டு பக்கமும் கார்டின் பிழைக் கவுன்டர்களைத் திறந்து பார்த்தேன். சிஆர்சி பிழை, அதாவது வழியில் கெட்டுப்போனவை, பூஜ்யம். டிராப் பூஜ்யம். கேபிள் புதுசு, நீளம் பத்து அடிகூட இல்லை. ஒரு பாக்கெட்கூட எங்கும் தொலையவில்லை. ஆனாலும் நாஸ் விடாமல் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ரெண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இடத்தில்தான் தரநிலைக் குழுவின் மேல் இருந்த சந்தேகம் எனக்கு விட்டுப்போனது.

நடந்தது இதுதான். நெட்வொர்க் கார்டுகள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சிபியுவைக் கூப்பிடுவதில்லை. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுக்கும். முதல் போர்ட் 1, 3, 5, 7 என்று ஒரு கட்டைக் கொடுக்கும். அப்புறம் இரண்டாம் போர்ட் 2, 4, 6, 8 என்று இன்னொரு கட்டைக் கொடுக்கும். மேலே டிசிபி பார்க்கிறது: 1 வந்தது, 2 வரவில்லை, 3 வந்தது, 5 வந்தது, 7 வந்தது. ஒவ்வொன்றுக்கும் "எனக்கு இன்னும் 2 வரவில்லை" என்று பதில் அனுப்புகிறது. அனுப்புகிற பக்கத்துக்கு இப்படி ஒரே பதில் மூன்று முறை திரும்ப வந்தால், 2 வழியில் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். லினக்ஸில் அந்த மூன்று என்பது மாற்றக்கூடிய ஒரு அமைப்பு, ஆனால் தொடக்க மதிப்பு மூன்றுதான். தொலைந்துவிட்டது என்றால் வழியில் நெரிசல் என்று பொருள் கொண்டு, 2-ஐத் திரும்ப அனுப்புவதோடு வேகத்தையும் குறைக்கும். பழைய முறையில் பாதியாக, லினக்ஸில் இன்று புழங்கும் க்யூபிக் முறையில் பத்தில் ஏழாக. அதற்குள் 2 பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். நெரிசலே இல்லாத வெறும் சாலையில் டிசிபி நெரிசல் இருப்பதாக நினைத்து பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.

கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடிக்கும் நாலு போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதில் இருக்கிறது. ஒரு கிகாபிட் கேபிளில் ஒரு ஜோடிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 50 நானோ நொடிக்கு மேல் தாமத வித்தியாசம் இருக்கக்கூடாது என்று தரநிலை எல்லை வகுத்திருக்கிறது. நாலையும் ஒரே சிப், ஒரே கடிகாரத்தில் வைத்துப் படிக்கிறது. போர்ட்டுகளுக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காத்திருப்பு வரிசை, அது நிரம்பும் அளவும் தனி. சின்ன ஃப்ரேம் ஒன்று கிகாபிட்டில் ஒரு மைக்ரோ நொடிக்குள் கடந்துவிடும். பெரியது 12 மைக்ரோ நொடி எடுக்கும். பெரியதுக்குப் பின்னால் கிளம்பிய சின்னது அடுத்த கம்பியில் முந்திக்கொள்ளும். இதில் சுவிட்ச் வேறு சேர்ந்தால் எவ்வளவு தாமதம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கலரிஸ்ட் டிபிஎக்ஸை ஓட்டிப் பார்த்தார். ஒன்றரை ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 190 மெகாபைட்டுக்கும் கீழே. தேவை 212. ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நாலைந்து ஃப்ரேம் விழும். "முன்னாடி இருந்ததைவிட இது மோசம் தம்பி," என்றார். முன்னால் ஒரே சீராக மெதுவாக ஓடியது. அதற்கு ஏற்ற மாதிரி அவர் பழகியிருந்தார். புதிய லினக்ஸ்களில் டிசிபி வரிசை மாறுவதைக் கண்டுகொண்டு தன் பொறுமையைக் கூட்டிக்கொள்ளும், இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் நாஸில் இருந்த கர்னல் பழசு, டிஐ மெஷினில் சென்டோஸ் 7 என்ற பழைய லினக்ஸ்.

ஒழுங்குக்குக் கொடுத்த விலை

போர்ட்டுகளைச் சேர்ப்பதை ஈதர்சேனல் என்ற பெயரில் முதலில் கொண்டுவந்தது கல்பனா என்ற கம்பெனி. பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1990-இல் முதல் பல-போர்ட் ஈதர்நெட் சுவிட்சை விற்றதும் அவர்கள்தான். 1994-இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கியது. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பேசாமல் கிடந்து, 2000-இல் 802.3ஏடி என்ற பொதுத் தரநிலை வந்தது. எல்ஏசிபி அதில் பிறந்ததுதான். 2008-இல் அதை 802.1ஏஎக்ஸ் என்று வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். ஊரில் எல்லாரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.

அந்தத் தரநிலையின் நடுத்தூண் ஒரே ஒரு வாக்குறுதி. ஒரே உரையாடலின் ஃப்ரேம்கள் கிளம்பிய வரிசையில் போய்ச் சேரும். எழுதியவர்கள் டிசிபியை மட்டும் நினைத்து இதை வைக்கவில்லை. அன்றைக்கு ஈதர்நெட்டில் ஐபிஎம்மின் எஸ்என்ஏ என்ற நெறிமுறை ஓடியது, பழைய விண்டோஸ் ஆபீஸ்களில் நெட்பியூஐ என்ற இன்னொன்று ஓடியது. அவற்றுக்கு வரிசை மாறிய ஃப்ரேமை எடுத்து அடுக்கி வைக்கத் தெரியாது. ஈதர்நெட் வரிசையை மாற்றாது என்று நம்பி எழுதப்பட்டவை அவை. ஒற்றைக் கம்பியாக இருந்தவரை அந்த நம்பிக்கை இயல்பாகவே நிறைவேறியது. ரெண்டாவது கம்பி வந்ததும் அதை யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு உரையாடலை ஒரு கம்பியோடு கட்டிப்போட்டார்கள். வேறு வழி இல்லை.

எவ்வளவு தூரம் இதில் பிடிவாதமாக இருந்தார்கள் என்பதற்குத் தரநிலையில் ஒரு மூலையில் இருக்கும் மார்க்கர் நெறிமுறையே சாட்சி. ஒரு உரையாடலை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்ற வேண்டுமானால், முதலில் பழைய கம்பியில் ஒரு அடையாள ஃப்ரேமை அனுப்பு. எதிர்முனை அதைப் பெற்றதும் பதில் அனுப்பும். பதில் வந்தால் அதற்கு முன் போன எல்லாம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் புதுக் கம்பியில் தொடங்கலாம். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். கேட்பது மட்டும் அவரவர் விருப்பம். நிறைய சுவிட்சுகள் பதில் சொல்லும், கேட்காது. மெனக்கெடவில்லை என்று இவர்களைச் சொல்ல முடியாது.

ஆகவே என் கடுப்பு இப்போது தரநிலை மேல் இல்லை. கூட்டிக் காட்டும் அந்த எண் மேல்தான். 4000 என்று காட்டுவதற்குப் பதிலாக 1000, நாலு என்று காட்டினால் போதும், பாதி ஏமாற்றம் வாங்கும் கடையிலேயே தீர்ந்துவிடும். போர்ட் சேர்ப்பதன் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு பேருக்குப் பங்கு போட அது நல்லது, பார்த்தோம். அதைவிட, ஒரு கேபிளைப் பிடுங்கினால் மற்ற மூன்றில் வேலை நடக்கும். அதுகூட எல்ஏசிபி இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கம்பியை ஃபைபராக மாற்றும் பெட்டி) இருக்கும் இடத்தில் அந்தப் பக்கத்து ஃபைபர் அறுந்தாலும் இந்தப் பக்கம் விளக்கு பச்சையாகவே இருக்கும். அங்கே எல்ஏசிபிதான் எதிர்முனை பேசவில்லை என்று கண்டுபிடிக்கும். ஸ்லோ அமைப்பில் 90 நொடி ஆகும், ஃபாஸ்ட் அமைப்பில் 3 நொடி. நிறைய இடங்களில் ஸ்லோவிலேயே விட்டுவிடுகிறார்கள். பார்த்தால் மாற்றிவிட்டு வந்துவிடுவேன், யாரும் கேட்காவிட்டாலும்.

கலரிஸ்ட்டுக்கு என்ன செய்தோம் என்றால், நாஸில் காலியாக இருந்த ஸ்லாட்டில் ஒரு 10 கிகாபிட் கார்டு, டிஐ மெஷினில் ஒன்று, நடுவே ரெண்டையும் நேராக இணைக்கும் ஒரு டிஏசி கேபிள். ஒரே கம்பி, ஒரே இணைப்பு. 2கே டிபிஎக்ஸ் அசையாமல் ஓடுகிறது. கார்டு போடாமல் சமாளிக்க மேலடுக்கில் வழிகள் உண்டு. 2012-இல் வந்த எஸ்எம்பி 3 என்ற ஃபைல் பகிர்வு நெறிமுறையில் மல்டிசேனல் இருக்கிறது; அது ஒரே ஃபைல் பரிமாற்றத்துக்குப் பல டிசிபி இணைப்புகளைத் திறந்து, வரிசைப்படுத்தும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் எஸ்எம்பியைத் தரும் சாம்பா மென்பொருளில் அது 4.15 பதிப்பிலிருந்துதான் இயல்பாக இயங்குகிறது. இன்னொரு ஃபைல் பகிர்வு முறையான என்எஃப்எஸ் பக்கம் என்கனெக்ட் என்ற வசதி லினக்ஸ் 5.3-இல், 2019-இல் வந்தது. பழைய நாஸிலும் சென்டோஸ் 7-இலும் ரெண்டும் கிடையாது. கிடைத்திருந்தால் ரெண்டு போர்ட்டுகளையும் பாண்ட் செய்யாமல் தனித்தனி ஐபி கொடுத்துவிட்டு எஸ்எம்பியிடமே விட்டிருப்பேன்.

வரிசையைக் காப்பாற்றும் வேலை கம்பியிலிருந்து முனைக்கு நகர்வது இப்போது ரொம்பப் பெரிய இடங்களிலும் நடக்கிறது. ஏஐ பயிற்சிக்கான ஜிபியு கிளஸ்டர்களில் சாலிகிராமத்து நோய்தான், அளவு மட்டும் பெரிது. சில்லறை ஃப்ளோக்கள் லட்சக்கணக்கில் இருந்தால் ஹேஷ் நன்றாகப் பிரிக்கும். அங்கே ஃப்ளோக்கள் கொஞ்சம், ஒவ்வொன்றும் யானை. ரெண்டு யானைகள் ஒரே 400 கிகாபிட் லிங்கில் விழுந்தால் பக்கத்து லிங்க் சும்மா கிடக்க, மொத்தக் கிளஸ்டரும் காத்திருக்கும். அமேசான் எஸ்ஆர்டி என்ற தன் சொந்த நெறிமுறையில் பாக்கெட்டுகளை எல்லாப் பாதைகளிலும் தெளித்துவிட்டு, வரிசை மாறி வருவதை ஏற்றுக்கொள்கிறது. 2023-இல் தொடங்கிய அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பும் 2025 ஜூனில் வெளியிட்ட 1.0 பதிப்பில் அதே பாதையில் போகிறது. அதாவது கலரிஸ்ட் கேட்ட மாத்தி மாத்தி அனுப்புகிற முறைதான். வாங்குகிற முனையை மட்டும் அதற்கென்றே புதிதாகச் செய்திருக்கிறார்கள். அவரிடம் இதைச் சொன்னபோது, அந்தக் கார்டு என்ன விலை என்று கேட்டார். நம்ம ஊர் நாஸுக்கு அது வர நாளாகும். அதுவரை ஒரே ஆளுக்கு வேகம் வேண்டுமென்றால் நாலு கிகாபிட்டைக் கோக்காதீர்கள். பழைய 10 கிகாபிட் கார்டுகள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கின்றன.